சீரியலில் தாலியறுத்த இந்திராணி

போன மாதம் பொன்னேரிக் கல்யாண மண்டபத்தில் இந்திராணியின் பேச்சைக் கேட்க எண்ணூறு பேர் வந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் பந்திக்கூடத்தில்கூட நின்று கேட்டார்கள். அவள் எழுதிய நகைச்சுவைப் புத்தகம் மூன்றாம் பதிப்புக்கு வந்துவிட்டது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எட்டு வருடம் சீரியல்களில் சின்னச் சின்ன வேடம் போட்டவள். காட்டூரில் ஒரு பள்ளி விழா, எளாவூரில் ஒரு மகளிர் கூட்டம், பிறகு சென்னை என்று பேசக் கூப்பிட ஆரம்பித்ததும் நடிப்பை விட்டுவிட்டாள். இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அது தொடங்கிய அன்று நான் அங்கே இருந்தேன். நான் ஓய்வுபெற்ற நர்ஸ். படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கட்ட அவளுடைய மீனவ ஊரான லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போய்வருகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் அவளுக்கு முதல்முறையாகப் பெரிய வேடம் கிடைத்தது. விதவை வேடம். தினமும் ஏழரை மணிக்கு நெற்றியில் பொட்டில்லாமல் ஊரார் வீட்டு டிவியில் வந்து நின்றாள். அவள் புருஷன் தினகரன், வடிவேலுவின் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன். போட்டு கடலில் இறங்கும் நேரத்தில் தாலியறுத்தவள் எதிரே வரக்கூடாது என்பது குப்பத்து வழக்கம். சீரியல் தொடங்கிய வாரம் வலை வெறுமையாக வந்தது. மறுவாரமும் அப்படியே. புருஷன் உயிரோடு இருக்கும்போதே பெண்டாட்டி அறுத்தால் கடல் பொறுக்குமா என்று பேச்சு கிளம்பியது.

வடிவேலு ஊர்க்கூட்டம் கூட்டினார். ஒன்று, இந்திராணி சீரியலை விட வேண்டும். இல்லையென்றால் தினகரன் போட்டிலிருந்து இறங்க வேண்டும். வேறு போட்டிலும் ஏற்ற மாட்டார்கள். கடலைத் தவிர வேறு வேலை தெரியாதவன் அவன். கூட்டத்தில் தலையைத் தூக்கவே இல்லை.

அங்கே பெண்கள் ஓரமாக நின்று கேட்கலாம், பேசும் வழக்கமில்லை. இந்திராணி நடுவில் போய் நின்றாள்.

“மாமா, நான் சீரியல்ல தாலியறுத்தது வியாழக்கெழம. உங்க வலை செவ்வாக்கெழமையே காலியாதான் வந்துச்சு. அன்னிக்கு யாரு பொண்டாட்டி அறுத்தா?”

“இன்னாமே, எகத்தாளமா?” என்றார் வடிவேலு.

“இல்ல மாமா, டவுட்டு. போன வருஷம் கலெக்டரா வந்தேனே, எவனாச்சும் ஒரு மனு குடுத்தீங்களா? அதுக்கு முன்ன பேயா வந்தேன். மறுநாள் உங்க வூட்டுக்கு வந்தா அத்தை காபிதானே குடுத்துச்சு. வேப்பிலையா அடிச்சுச்சு?”

“அடிக்கணும்னுதான் சொன்னா” என்றார் வடிவேலு, யோசிக்காமல்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அது அடங்கும்வரை காத்திருந்தாள். அந்த நிதானத்தை யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

“நான் அரைமணி நேரம் பொட்ட அழிக்கிறேன், சம்பளம் குடுக்கறான். வேலம்மா பெரிம்மா பதினோரு வருஷமா போட்டு எறங்கற நேரம் கதவச் சாத்திக்கினு உள்ள குந்தினு கீது. அதுக்கு யாரு சம்பளம் குடுக்கறா?”

வேலம்மா வடிவேலுவின் அண்ணி. அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்.

சிரித்த வாய்கள் அப்படியே நின்றன. பிறப்பும் சாவும் நிறையப் பார்த்தவள் நான். ஆனால் நூறு பேரை இப்படி ஒருத்தி ஒரே மூச்சில் திருப்பியதைப் பார்த்ததில்லை.

வடிவேலு எழுந்து துண்டை உதறினார்.

“காலைல வந்துடு” என்றார் தினகரனிடம். பிறகு யாரையும் பார்க்காமல், “அண்ணி வர்றதுன்னா வரட்டும்.”

மறுநாள் வேண்டுமென்றே சீக்கிரம் போனேன். வேலம்மா கரையில் நின்றாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானையை இழுத்து இழுத்து விட்டாள். அவள் எதிரே போட்டைத் தள்ளினார்கள். தினகரன் கடைசியாக ஏறினான்.

அன்றும் மீன் அதிகம் படவில்லை. யாரும் காரணம் தேடவில்லை.