இருபது கிலோ கல்லும் இஞ்சு டேப்பும்

தராசு பழுது பார்ப்பவரைக் கடைத்தெரு முழுவதும் ‘கிலோ’ என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருந்தது. ஐம்பத்து நான்கு வயது. ஓரிடத்தில் உட்காரத் தெரியாத ஆள். டீ குடிக்கும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். எதிர்ச் சுவரில் கடிகாரம் சாய்ந்திருந்தால் எழுந்துபோய் நிமிர்த்திவிட்டுத்தான் அடுத்த மடக்கு.

இரண்டு வருடத்துக்கு முன் கல்லீரல் சுருங்கிப்போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். “நான் குடிக்கவே மாட்டேனே சார்?” என்றார் கிலோ. எப்போதோ உடம்பில் புகுந்த கிருமி சத்தமில்லாமல் வேலை பார்த்திருந்தது. “தினமும் எடை பாருங்க, எழுதி வைங்க” என்றார் டாக்டர். இதைவிட லேசான வைத்தியத்தை அவருக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

பட்டறை நடுவில் ஒரு மேடைத் தராசு. காலையில் முதலில் அதன்மேல் இருபது கிலோ எடைக்கல்லை வைப்பார். இம்மி பிசகாமல் இருபது காட்டும். கல்லை இறக்கிவிட்டுத் தான் ஏறுவார். அறுபத்தெட்டு. அறுபத்தெட்டேகால். மறுபடி அறுபத்தெட்டு. ஒரு வருடமாகக் காலண்டரில் அதே எண். அந்தத் தைரியத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போகாமலே இருந்துவிட்டார்.

மனைவி தையல்காரி. அவள் கண்ணுக்கு மட்டும் எதுவோ உறுத்தியது.

“ஏங்க, சட்டை தோள்ல தொங்குது. பேண்ட் பட்டன் போட முடியல. ஒரே ஆளுக்கு ரெண்டு ஆள் அளவா?”

“துணி சுருங்கியிருக்கும்.”

“தோள்ல விரிஞ்சு இடுப்புல சுருங்குற துணிய நான் இதுவரைக்கும் தைச்சதில்ல.”

“தராசு பொய் சொல்லாது.”

“அப்ப நான் சொல்றேனா?”

சாப்பாட்டிலும் இதே சண்டைதான். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த புரதப் பொடியைப் பாலில் கலக்கிக் குடிப்பார், தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். வயிறு எப்போதும் நிறைந்த மாதிரியே இருந்தது. “டப்பாவுல போட்டிருக்கிற சத்தெல்லாம் உள்ள போயாச்சு. எடையும் குறையல. அப்புறம் சாப்பாடு எதுக்கு?” அவர் கணக்கில் ஓட்டையே இல்லை.

ஓட்டை சரக்குக் கிடங்கு ஒன்றில் தெரிந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்குள்ள பெரிய தராசைச் சோதிப்பது முப்பது வருடமாக அவர் வேலை. பத்துக் கல், ஒவ்வொன்றும் இருபது கிலோ. இரண்டை ஏற்றினார். மூன்றாவது முழங்கால் வரை வந்து, கையைவிட்டு நழுவித் தரையில் விழுந்தது.

“என்ன கிலோண்ணே, கல்லு கனத்துப் போச்சா?” என்றார் கிடங்கு மேனேஜர்.

“கையில எண்ணெய் பட்டிருக்கு.”

கையில் எண்ணெயே இல்லை. மீதியைக் கிடங்கு ஆட்கள்தான் ஏற்றினார்கள். கிளம்பும்போது மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “அடுத்த தடவை முடியலன்னா சொல்லிருங்கண்ணே. ஒரு கம்பெனிக்காரங்க மெஷின் வண்டியோட வந்து பாத்துத் தர்றாங்களாம்.”

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தராசில் ஏறினார். அறுபத்தெட்டரை. தராசைப் பிரித்தார், மாட்டினார். சரியாக இருந்தது. கல்மேல் சந்தேகம் வந்து, கல்லைக் கல்லோடு ஒப்பிட்டார். அதுவும் சரி. மறுபடி பிரித்தார். திருப்புளி தரையில் உருள, மனைவி வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் டேப், கையில் பழைய அளவு நோட்டு.

“எந்திரிங்க. கையத் தூக்குங்க.”

மகள் கல்யாணத்துக்குச் சட்டை தைத்தபோது எடுத்த அளவு நோட்டில் இருந்தது. புஜம் அன்றைக்குப் பன்னிரண்டரை, இப்போது பத்து. வயிறு முப்பத்தைந்து, இப்போது நாற்பத்தொன்று. தொடை இருபத்தொன்று, இப்போது பதினேழரை. தொடையை மட்டும் இரண்டு தடவை அளந்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்த பெண் கைப்பிடிப் பலம் பார்க்கும் கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். முள் பாதிகூடப் போகவில்லை.

“இத எப்ப கடைசியா சோதனை பண்ணீங்கம்மா?”

“போன மாசம்தான் ஐயா. கருவி சரியா இருக்கு. கைதான்.” அந்தப் பெண் காலண்டர் தாள்களையும் அளவு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “தசை கரைஞ்சுகிட்டே போயிருக்கு, வயித்துல தண்ணி சேந்துகிட்டே வந்திருக்கு. தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதானே?”

கிலோ தன் புஜத்தைப் பிடித்துப் பார்த்தார்.

“பொடி சாப்பாட்டுக்கு மேல ஐயா, சாப்பாட்டுக்குப் பதிலா இல்ல. கல்லீரல் இப்படி இருக்கும்போது ரொம்ப நேரம் பட்டினி கிடக்கக் கூடாது. உடம்பு தசைய எடுத்துத் தின்ன ஆரம்பிச்சிடும். கொஞ்சம் கொஞ்சமா பலதடவை சாப்பிடுங்க. படுக்கறதுக்கு முன்னாடியும் ஒருவாய். நடங்க.”

“அப்ப போனது திரும்பி வந்துடுமா?”

“உறுதி சொல்ல மாட்டேன். இருக்கறதக் காப்பாத்தலாம். கொஞ்சம் வந்தா சந்தோஷம்.”

டாக்டர் நீர் இறங்க மாத்திரை எழுதினார்; உப்பைக் குறைக்கச் சொன்னார். எண் இறங்கியது. அறுபத்தாறு, அறுபத்து நான்கு, அறுபத்திரண்டு. கிலோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “ஆறு கிலோ போயிடுச்சு!” என்று பட்டறைக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்தார். “போனது தண்ணி. அந்த நடைய அப்படியே தெருவுல நடங்க” என்றாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமைதோறும் டேப் வந்தது. அவர் அந்த டேப்பையே இரும்பு ஸ்கேலில் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் தொடையைக் காட்டினார். பதினேழரை. பதினேழரை. நான்காம் மாதம் பதினேழே முக்கால். “இறுக்காம இன்னொரு தடவை பிடி” என்று மூன்று முறை அளக்க வைத்தார்.

அடுத்த கிடங்குச் சோதனைக்கு வேனிலிருந்து இறங்கியவை இருபது சின்னக் கற்கள்.

“என்னண்ணே, கல்லு குட்டி போட்டுடுச்சா?” என்றார் மேனேஜர்.

“ரெண்டு பத்து இருபதுதானே? இது எத்தனை கல்லுன்னு தராசு கேக்கப்போறதில்ல.”

இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. யாரையும் தொடவிடவில்லை. எல்லாவற்றையும் ஏற்றி இறக்கியாயிற்று. நான்கு மூலைகளிலும் தனித்தனியாகக் கல் வைத்துப் பார்ப்பது பாக்கி. தராசு மேடையின் ஓரத்திலேயே ஏறி உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். அவித்த முட்டை இரண்டு, கொஞ்சம் வறுத்த கடலை.

“அண்ணே, பின்னாடி உங்க எடை காட்டுது. பாக்கலையா?”

பிடரி குறுகுறுத்தது. பாதி திரும்பிவிட்டார்.

“முட்டையையும் சேத்துத்தான் காட்டும்” என்று சொல்லி, டப்பாவைக் காலி செய்துவிட்டு, முதல் மூலைக்குக் கல்லைத் தூக்கினார்.