தென்னையில் கட்டிய தகரம்

மண்ணெண்ணெய் டின்னை வெட்டிப் பிரித்த தகரம், காலை வெயிலில் தென்னந்தோப்பு முழுக்கப் பளபளத்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். தாமிரபரணிக் கரையில் எங்கள் வீட்டுக்கு ஒரு தோப்பு இருந்தது. காய்க்கிற குரும்பையில் பாதியை எலி துளைத்துக் கீழே தள்ளிவிடும். என் மாமனார்தான் அதற்கு ஒரு வழி யோசித்தார். தச்சநல்லூர்க் கடைகளில் காலி டின் வாங்கிவந்து, தகட்டைப் பிரித்து, இரண்டு ஆள் உயரத்தில் மரத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு ஆணி வைத்து அடித்தார். ஏறிவந்த எலி, நகம் பதிய இடமில்லாமல் சறுக்கி விழுந்தது. அவர் வெட்டும்போது நான்தான் டின்னைப் பிடித்துக்கொள்வேன். புதிதாக வந்த மருமகளிடம் அவர் பேசிச் சிரித்தது அந்த நாட்களில்தான்.

அந்த வருஷம் காய் நிறைய இறங்கியது. வேறொருவராக இருந்தால் தன் தோப்போடு வைத்துக்கொண்டிருப்பார். மாமனாருக்கு அது முடியாது. சந்தையிலும் கல்யாண வீட்டிலும் கால்வாய்க் கரையிலும் தோப்புக்காரர் யாரைக் கண்டாலும் தகரப் பேச்சுதான். கேட்டவர் தோப்புக்குக் கத்திரியோடு தானே போய், முதல் மரத்துக்குக் கட்டிக் காட்டிவிட்டு, ஒரு செம்பு மோர் குடித்துவிட்டு வந்துவிடுவார். ஆற்றின் இரு கரையிலும் தோப்புகள் மின்னத் தொடங்கின.

எங்களுக்கும் அக்கம்பக்கத்துத் தோப்புகளுக்கும் காய் வெட்ட ஒரே மரமேறிதான். என் கணவர் வயதிருக்கும். தகரம் அடித்தபின் முதல் தடவை ஏறி இறங்கியபோதே, அந்த இடத்தில் கால் நிற்கவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பழகிரும்லே" என்றார் மாமனார். கோபமாக அல்ல, பிரியமாகத்தான் சொன்னார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஐப்பசி மழை விட்டு வெறித்த ஒரு காலையில், அடுத்த ஊர்த் தோப்பில், காய் வெட்டி இறங்கும்போது நனைந்த தகரத்தில் மரமேறியின் கால் வழுக்கியது. தொடையெலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் இனி மரம் ஏற முடியாது என்றாகிவிட்டது.

சேதி வந்தபோது மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்தார். சாயங்காலம் அந்தத் தோப்புக்காரரே தேற்ற வந்தார். "என் தோப்புல, என் மரத்துல விழுந்திருக்கான். நீரு என்னத்துக்கு வே மனசப் போட்டு அலட்டுதீரு?"

"அவன் எங்கிட்டச் சொன்னான் வே" என்றார் மாமனார்.

மறுநாளே எங்கள் மரங்களில் இருந்த தகரத்தையெல்லாம் பிடுங்கிப் போட்டார். பிறகு, தான் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு தோப்புக்கும் நடந்தார். காய் கூடியிருக்கும்போது கழற்றச் சொன்னால் யார் கழற்றுவார்கள்? போன இடமெல்லாம் உபசாரம். நல்ல யோசனை சொன்னவர் என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுவிட்டு வரும் நாட்களில் யார் முகத்தையும் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். கொடுத்த பொருளைத் திருப்பி வாங்கலாம், சொல்லிக்கொடுத்ததை எப்படித் திருப்பி வாங்குவது என்று ஒருமுறை என் மாமியாரிடம் கேட்டார்.

தகரம் இனி போகாது என்று தெரிந்தபின், அதில் கால் படாமல் ஏற வழி தேடினார். கணுக்களில் கிளையை ஒரு சாண் விட்டு நறுக்கிய ஒற்றை மூங்கிலை மரத்தோடு சாத்திக் கட்டினால், அதுவே ஏணியாகித் தகரத்தைத் தாண்ட வைக்கும். செலவென்று ஒன்றுமில்லை. அதைத் தோளில் வைத்துக்கொண்டு மரமேறியின் வீட்டுக்குப் போனார். கஞ்சிக்கு அரிசி எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

மரமேறி கட்டிலில் கிடந்தார். எழ முயன்றவரை மாமனார் கையமர்த்தினார். மூங்கிலைப் பிடித்தபடி வாசலில் நின்றார். மரமேறிதான் அதை அடியிலிருந்து நுனிவரை பார்த்து, பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, ஒரு கணுவைக் கையால் அழுத்திப் பார்த்தார். கால் நிற்கும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை மொதல்லயே கேட்டிருக்கலாம்லா, ஐயா" என்றார்.

"கேட்டிருக்கணும்" என்றார் மாமனார். மரமேறியிடம் பேசும்போது வழக்கமாக ஒட்டிக்கொண்டு வரும் 'லே' அன்று வரவில்லை.

மரமேறியை எங்கள் தோப்புக் காவலுக்கு வைத்துக்கொண்டார். அது ஈடாகாது என்று இருவருக்குமே தெரியும். மாமனார் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இன்று அந்தக் கரையோரம் போனால் தகரம் கட்டாத தோப்பைப் பார்ப்பது அபூர்வம். மூங்கில் சில தோப்புகளில்தான் இருக்கிறது. இதையெல்லாம் யார் தொடங்கியது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. மாமனார் இருந்திருந்தால் அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவருடைய கடைசி வருஷங்களிலும் வெளியூர்க்காரர்கள் யோசனை கேட்டு வந்துகொண்டுதான் இருந்தார்கள். "மரம் ஏறுத ஆளக் கூட்டிட்டு வாரும், பேசுவோம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். சிலர் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள், சிலர் கூட்டிவருவார்கள். அப்படி வந்த ஆளிடம் நெடுநேரம் விசாரிப்பார். ஆனால் பேசுகிற நேரமெல்லாம் அந்த ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார். கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.