விண்டோஸ் பகுதியின் பொறுப்பாளர்

கணினி வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும், யாரும் படித்துத் திருத்தக்கூடிய ஒரு திறந்த மூல மென்பொருளில், விண்டோஸுக்கான பகுதியைப் பல ஆண்டுகளாக நான் ஒருவனே பராமரித்துவந்தேன். ஊதியம் கிடையாது. பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதை நான் சிறிதாகக் கருதவில்லை. மூடிய இயங்குதளத்தின் உட்புறத்தை யாரும் நமக்குத் திறந்து காட்டுவதில்லை. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் எது உடைந்தது என்று தட்டித் தட்டித்தான் அறிய வேண்டும். கோவையில் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் என் காலைகள் அதிலேயே கழிந்தன.

அப்போது என்னுடன் படித்த ஒருவர் அதே திட்டத்துக்குள் வந்தார். தொண்டாமுத்தூரில் தோப்பும் வீடுமாக இருப்பவர். லினக்ஸ், விண்டோஸ், மேக் என்ற மூன்று இயங்குதளங்களுக்கும் பொதுவான மெல்லிய நிரல் அடுக்கு ஒன்றை எழுதி அனுப்பினார். அது ஏற்கப்பட்டால் என் பகுதிக்கு வேலையில்லை. எங்கிருந்தெல்லாமோ அதை அழகு என்று பாராட்டி எழுதினார்கள். என்னுடையதை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. வேலை செய்கிறது என்பார்கள், அவ்வளவே. அதைப் படித்த அன்று எனக்கு இட்லி இறங்கவில்லை.

விண்டோஸ் என்பதால் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. குறை தேடியே படித்தேன், கிடைத்தது. லினக்ஸில் வேறொரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பையும் அழிக்கலாம். விண்டோஸ் பெரும்பாலும் மறுத்துவிடும். அவருடைய அடுக்கோ அந்த மறுப்பை விழுங்கிவிட்டு, அழித்தாயிற்று என்று பதில் தந்தது. கோப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

எல்லோரும் படிக்கும் மடலில் இதை எழுதியிருந்தால் அவர் அடுக்கு அன்றே பின்தள்ளப்பட்டிருக்கும். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருவர் குறையைச் சபையில் எடுத்துப் போடுவதில்லை. வீட்டுக்குப் போய், காப்பி குடித்தபின்தான் சொல்வது. நான் மட்டும் மீறினால் நாலு பேர் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பதையும் எண்ணினேன். தொண்டாமுத்தூருக்குப் போனேன்.

சொல்லிவிட்டு அவர் முகம் வாடுவதற்குக் காத்திருந்தேன். வாடவில்லை. மடிக்கணினியைத் திருப்பி என் பழைய நிரலின் ஒரு துண்டைக் காட்டினார். அழிக்க முடியாத கோப்பைப் பார்வையிலிருந்து மறைத்துவைத்து, அது மூடப்பட்டதும் அழிக்கும் உத்தி அது.

"இதையே எடுத்துப் போட்டுக்கட்டுங்களா? இத்தன வருசமா இதை ஒருத்தருமே கண்டுக்கலீங்களே."

என் வேலையை அவ்வளவு ஊன்றிப் படித்தவர் அவராக இருந்ததுதான் கசந்தது. எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அப்படியானால் என் பகுதியை நீக்கும் மாற்றத்தையும் தானே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். எனக்குச் சிரமம் வேண்டாமாம்.

"வேண்டாங்க. நான் எழுதுனதுங்க. எடுக்கறதையும் நானே எடுத்துக்கறேன்."

அவர் திருத்தி அனுப்பியதில் ஒரு பிழையும் இல்லை, இருமுறை தேடினேன். ஒப்புதல் கொடுத்தேன். அடுத்து என் பகுதி இருந்த கோப்புறை முழுவதையும் நீக்கினேன். காரணம் எழுதும் இடத்தில், இனித் தேவையில்லை என்று எழுதினேன். எதனால் தேவையில்லை என்றோ, யாரால் என்றோ எழுதவில்லை.