கத்திக்கொண்டிருந்த கால்

எழுபதுகளில் கம்பம்மெட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். கால் முறிந்த ஏலக்காட்டுக் காவல்காரர் ஒருவரை அலற அலறத் தூக்கிவந்தார்கள். பெரிய மீசைக்காரர். மரமோ மாடோ, எதிரே எது இருந்தாலும் அதோடு பேசுகிற ஆள். டாக்டர் மார்ஃபின் ஊசி போட்டதும் கொஞ்சநேரத்தில் அலறல் அடங்கியது. மூக்கைச் சொறிந்தபடி கேட்டார்:

“கால் சரியாயிருச்சா, நர்ஸம்மா?”

“இல்லண்ணே. மருந்து மூளையிலயும் தண்டுவடத்துலயும் போய் உக்காந்து, கால் அனுப்புற வலிச் சேதியை அமுக்குது. அவ்வளவுதான்.”

“அப்ப கால் இன்னும் கத்திக்கிட்டுத்தான் இருக்கா?”

“ஆமா. உங்களுக்குத்தான் கேக்கல.”

அவர் முகம் வாடிப்போனது. தொடைமேல் கைவைத்து, “கொஞ்சம் பொறுத்துக்க, சாமி” என்றார்.

வலியே தெரியாத காலுக்காக ஒரு மனிதர் கண்கலங்கியதை அதற்குப் பிறகு நான் பார்க்கவேயில்லை.