வேப்பிலை வெச்ச பக்கம்

ஊர்க் கதைய வுடு கமலா, இந்த மல்லாட்டைத் தோலு வாசன வந்தாலே எனக்குத் திண்டிவனத்து வேர்க்கடலை மண்டி ஞாபகந்தான். சின்னப் பொண்ணு நானு, பொம்பளைங்களோட சடசடன்னு ஒடைச்சிக்கினே இருப்பேன், எழுத்து தெரிஞ்ச சரோஜாக்கா மட்டும் பேய்க்கதை புத்தகம் படிச்சிக் காட்டும். படிச்சி நிறுத்துன பக்கத்துல வேப்பிலை வெச்சி மூடும், பேயி வெளிய வராதாம். ஒருநா நான் அந்த எலைய உருவி வெளையாடிட்டேன். மறுநாள் அக்கா அடையாளம் தெரியாம ஏதோ ஒரு பக்கத்தத் தொறந்து படிக்குது, நேத்து வாசல்ல நின்ன பேயி சமையக்கட்டுல ஒக்காந்துக்கினு கீது!

"அடியே, இது எப்போடி உள்ள வந்துச்சி?"ன்னு எல்லாரும் அலறிட்டாங்க. நான் தலையக் குனிஞ்சிக்கினு இன்னும் வேகமா ஒடைச்சேன்.

மண்டியையே இடிச்சிட்டாங்க, அந்தப் பேயி எந்த வழியா உள்ள வந்துச்சின்னு மட்டும் இன்னி வரைக்கும் தெரியல. ஐயோ, பேச்சுல பின்கதவ சாத்தாமயே வந்துட்டேனே, இரு, ஜல்தி போய்ட்டு வர்றேன்.