அம்மா அலசிய ரேடியேட்டர்

ஜீப்பின் ரேடியேட்டர் மூடியைத் திருகித் திறந்ததும் குப்பென்று கள்ளு வாடை அடித்தது. பத்து வயதுப் பெண்ணுக்குக் கள்ளு வாடை எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அந்தமானில் தென்னை மரங்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அப்பா இரண்டடி பின்னால் போனார். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுலயா எங்க ஐயாவ ஏத்திட்டு வரப் போறிய?" என்று கேட்டாள்.

அப்போது நாங்கள் போர்ட் பிளேயரில், டெலானிபூர் மேட்டில் குடியிருந்தோம். அறுபதுகளின் நடுப்பகுதி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, சின்னச் சின்னப் பாலங்களும் தகரக் கூரைக் கட்டடங்களும் கட்டிக்கொடுக்கும் ஒப்பந்தக்காரராக இருந்தார். அம்மா 'ஐயா' என்று கூப்பிடும் அவளுடைய அப்பா, அதாவது நான் அதுவரை கண்ணால் பார்த்திராத என் தாத்தா, தாமிரபரணிக் கரையில் வயலும் வாழையுமாக இருந்தவர். மகளை மருமகன் 'ஜெயில் தீவுக்கு'க் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்ற கோபத்தில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு, திடீரென்று ஒரு கார்டு போட்டிருந்தார். சனிக்கிழமை மெட்ராஸ் கப்பலில் வந்து இறங்குவேன், நீங்கள் இருக்கிற இருப்பைக் கண்ணால் பார்ப்பேன், கஷ்டப்படுகிறீர்கள் என்று தெரிந்தால் செவ்வாய்க்கிழமை அதே கப்பலில் உன்னையும் பிள்ளைகளையும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தார். "விடுவேன்" என்ற சொல்லுக்குக் கீழே கோடு வேறு.

அம்மாவுக்குப் போக விருப்பமில்லை. இந்தச் சரிவும், கீழே தெரிகிற கடலும், இந்தியும் வங்காளமும் தெலுங்கும் கலந்து பேசுகிற பக்கத்து வீட்டுப் பெண்களும் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தன. ஆனால் ஐயா முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்லிப் பழக்கமே இல்லாதவள். அதனால் சொல்ல வேண்டியதை ஜீப் சொல்லட்டும் என்று முடிவு செய்திருந்தாள். சொந்த ஜீப்பில் ஐயாவை ஏற்றிவந்தால் எந்தத் தகப்பன் வாய் திறப்பான் என்பது அவள் கணக்கு. ஜீப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ வண்டி அது, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருமிக்கொண்டே இருந்தது.

ஒத்திகைக்காக முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வண்டூர்க் கடற்கரைவரை போய்வந்தோம். திரும்பும் வழியில், வீடு வாசல் இல்லாத ஒரு மேட்டில், தண்ணீர் கொதித்துப் பொங்கி வண்டி நின்றுவிட்டது. மாசி மாதக் காய்ச்சலில் ஓடைகள் வற்றிக் கிடந்தன. கடல் தண்ணீரை ஊற்றினால் உள்ளே இரும்பெல்லாம் அரித்துப்போகும். அப்பா அண்ணாந்து பார்த்தார். ஆறேழு இளநீர் ரேடியேட்டருக்குள் போனது. வண்டியும் ஏதோ தெம்பு வந்ததுபோல வீடு வந்து சேர்ந்தது. அந்தப் பெருமையில் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் நான்கு நாள் விட்டுவிட்டோம். இளநீர் சும்மா இருக்குமா?

வெள்ளிக்கிழமை காலையில் ரேடியேட்டரை அலசுவது என்று ஆயிற்று. அபர்தீன் பஜாரில் கடை வைத்திருந்த காதர் மாமா, முன்பு லாரி ஓட்டியவர், வேலையைச் சொல்லித்தர வந்தார். ஆனால் அம்மா கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் வந்துவிட்டதில், அவரும் அப்பாவும் ஓரமாக நின்று டீ குடிக்க வேண்டியதாயிற்று. அடியில் இருந்த சின்னக் குழாயைத் திறந்ததும் வந்த முதல் தண்ணீர் காப்பி டிகாஷன் நிறம். வெந்நீரில் சலவைக்காரத்தைக் கரைத்து ஊற்றி, எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஆறவைத்துத் திறந்தபோது செங்கல் நிறத்தில் வந்தது. அப்புறம் நல்ல தண்ணீர் ஊற்றி ஊற்றித் திறந்துவிடுவதுதான் வேலை.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? 'நல்கா' என்று நாங்கள் சொல்லும் தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். கிணற்றுத் தண்ணீர் உப்பு. மார்கழியில் கூரையிலிருந்து பிடித்து, பருப்பு வேகவைக்கவென்று பீப்பாயில் மூடிவைத்த மழைத்தண்ணீர்தான் இருந்தது. எங்கள் பீப்பாய் காலியானதும் அம்மா என்னை வீடு வீடாக அனுப்பினாள். வாளியோடு படியேறி, எங்கள் தாத்தா வருகிறார் என்று இந்தியில் சொன்னதுதான் தாமதம், 'மாஸி' என்று நாங்கள் கூப்பிடும் வங்காளி வீட்டு அம்மாள் "லே ஜா, பேட்டி" என்று எடுத்துப்போகச் சொல்லித் தன் பீப்பாய் மூடியைத் திறந்துவிட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் அதே கதைதான். வாளிகளோடு அந்தந்த வீட்டுப் பிள்ளைகளும் வந்து வண்டியைச் சுற்றி நின்று, ஒவ்வொரு முறை குழாய் திறக்கும்போதும் இந்தமுறை என்ன நிறம் என்று பந்தயம் கட்டினார்கள். எனக்கு அதைப்போல ஒரு திருவிழா அப்புறம் வாய்க்கவில்லை.

டீ நிறம் வந்தபோது காதர் மாமா கையைக் காட்டினார். "போதும் தங்கச்சி, இத்தோட நிறுத்திக்கங்க. பழைய ரேடியேட்டர், ஓட்டைய அடைச்சிக்கிட்டு இருக்கிறதே அந்தத் துருதான்."

அம்மா கேட்டால்தானே. ஐயா பார்த்தால் தெளிந்த தண்ணீராக இருக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கப்பலை விட்டு இறங்குகிற மனுஷன் எங்கேயாவது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பாரா என்று அப்பா கேட்டபோது அவள் அடுத்த வாளியைத் தூக்கினாள். இன்னும் இரண்டு தடவை காரம் போட்டு, அரிசி கழுவின தண்ணீர் நிறத்தையும் தாண்டி, பளிங்காக வரும்வரை அலசி, கடைசியாக மெதுவாக மழைத்தண்ணீரை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டுக் குமிழி அடங்கும்வரை பார்த்துப் பார்த்து ஊற்றினாள். காதர் மாமா பார் சோப்பில் ஒரு துண்டை வெட்டி ஜீப்புக்குள் போட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை கப்பல் துறையில் தாத்தாவைப் பார்த்தோம். அவரிடம் ஒரு டிரங்குப் பெட்டியும், வாய்க்குத் துணி கட்டிய பெரிய பித்தளைக் குடமும் இருந்தன. குடத்தைக் கூலியாளைத் தொடவிடவில்லை. உள்ளே தாமிரபரணித் தண்ணீர். தீவுத் தண்ணீர் தன் உடம்புக்கு ஆகாதாம். வரும்போது குடித்ததுபோக, மூன்று நாள் இருப்புக்கும் திரும்பும் பயணத்துக்கும் சிக்கனமாக மிச்சம் வைத்திருந்தார். குடத்தை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தவர், வழியெல்லாம் அது தளும்பாமல் பிடிப்பதிலேயே கண்ணாக இருந்தார். பின்னால் பட்டுச்சேலையில் இருந்த அம்மா என் கையை நெரித்துக்கொண்டே வந்தாள்.

டெலானிபூர் ஏற்றம் தொடங்கும் இடத்தில் போனட்டிலிருந்து ஆவி கிளம்பியது. வண்டி நின்றது. இறங்கிப் பார்த்தால், ரோட்டில் சொட்டுச் சொட்டாக, காதர் மாமா சொன்ன அதே ஓட்டை. அடைத்திருந்த துருவை அம்மா அல்லவா சுரண்டிக் கழுவியிருந்தாள். அப்பா பழக்க தோஷத்தில் தென்னை மரத்தைத் தேட ஆரம்பித்தார்.

அம்மா இறங்கினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனட்டைத் தூக்கினாள். சூடு ஆறும்வரை விசிறிக்கொண்டு நின்று, விரலால் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து, சோப்புத் துண்டைப் பிசைந்து அதில் அப்பினாள். தாத்தா இறங்கி வந்து பக்கத்தில் நின்று, காரத்தில் வெடித்துப்போயிருந்த அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றுக்குக் குளிக்கப் போனால்கூடத் துணைக்கு ஆள் அனுப்பி வளர்த்த மகள்.

"ஒனக்கு இதெல்லாம் யாருட்டி சொல்லிக் குடுத்தா?"

"இங்க வந்து படிச்சுக்கிட்டேன் ஐயா." அம்மா நிமிரவில்லை. போனட்டுக்குள்ளேயே தலையை வைத்துக்கொண்டு, எஞ்சினிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "நான் ஊருக்கு வரல ஐயா. எனக்கு இங்கதான் நல்லாருக்கு."

அம்மா, அதே குனிந்த நிலையில், ஓடிப்போய் எங்கேயாவது தண்ணீர் வாங்கிவா என்று என்னிடம் சொன்னாள். எங்கே வாங்குவது? மேட்டில் இருந்த அத்தனை வீட்டு மழைத்தண்ணீரும் முந்தின நாள் தரையில் ஓடி முடிந்திருந்தது.

தாத்தா ஜீப்புக்குப் போனார். குடத்தை எடுத்துவந்தார். வாயில் கட்டியிருந்த துணியை அவரே அவிழ்த்தார்.

"இந்தா, ஊத்து. செவ்வாக்கெழமக் கப்பலுக்கு இனிமே எங்கிட்டயும் தண்ணி இல்ல."

அம்மா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். மூக்கில் கரி, கன்னத்தில் சோப்பு. ஊற்றும்போது சிரித்தாள், அழுதாள், கொஞ்சம் வெளியேயும் சிந்தினாள். வண்டி ஏறியது. வீட்டுக்கு வந்ததும் தாத்தா முதல் காரியமாக ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு, வங்காளி மாஸி தன் வீட்டுப் பீப்பாயின் அடியில் வழித்துக் கொடுத்தனுப்பிய தண்ணீரைக் குடித்துவிட்டு, "பரவால்ல" என்றார். செவ்வாய்க்கிழமைக் கப்பல் அவர் இல்லாமல்தான் போனது. அதற்கடுத்த கப்பலும் அப்படித்தான்.

இப்போது எனக்கு எழுபதுக்கு மேல். அதே மேட்டில்தான் இருக்கிறேன். கூரைக்குக் கீழே பீப்பாய்கள் இல்லை, ஜீப் எந்தக் காயலான் கடைக்குப் போனதோ தெரியாது, மகனுடைய காருக்கு ஒர்க்‌ஷாப்பில் என்னவோ பச்சைத் திரவம் ஊற்றி மூடிவிடுகிறார்கள், போனட்டைத் திறக்க வீட்டில் யாருக்கும் தெரியாது. சென்னையில் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கிற என் மகள் வாரம் ஒருமுறை போன் செய்து, "அங்க கஷ்டப்படாதீங்கம்மா, இங்க வந்துடுங்க" என்கிறாள். நான் வரலைம்மா என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது சுலபமாக இருக்கிறது. போனட்டுக்குள் தலையை விட்டு அம்மா எனக்கும் சேர்த்து அன்றைக்கே சொல்லி முடித்துவிட்டாள்.