கம்பெனியிடம் கேட்ட பரியம்

ஆலங்காயத்துக்கும் கீழே, நான் வேலைக்குப் போன ஊரில் எல்லாமே தோல்தான். தோல் பதனிடுகிறவர்கள், வெட்டுகிறவர்கள், ஷூ தைக்கிறவர்கள், இத்தனை பேருக்கும் டீ போடுகிறவர்கள். எங்கோ வெளிநாட்டில் ஒருத்தன் இந்த வருஷம் ஷூ வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த ஊர் டீக்கடையில் பால் மிஞ்சிவிடும். ஒரே தொழிலை நம்பிய ஊரின் லட்சணம் அது. அப்படிப் பால் மிஞ்சிய ஒரு வருஷத்தில்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மலைக்கு வேன் விடுவதை நிறுத்தப் போகிறோம் என்றார்.

நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன மலைக்கிராமம் எங்களுடையது. அங்கிருந்து தினமும் அந்த வேனில் இறங்கிப் போய் ஷூவின் மேல்பாகம் தைத்துவிட்டு வருவேன். மகள் எழுந்திருக்கும் முன்னே கிளம்பி, அவள் தூங்கிய பிறகு வீடு சேர்வேன். ஞாயிற்றுக்கிழமை லீவில் மட்டும்தான் பகலில் அவள் கண்ணில் படுவேன். சோறு ஊட்டுவது, தலை வாருவது எல்லாம் என் வீட்டுக்காரர். அவர் வாரிய தலையைப் பார்த்தால் சாமைக் காட்டில் பன்றி புகுந்ததுபோல் இருக்கும். அவளுக்கு அதுவே பிடித்திருந்தது. எனக்குத்தான் வயிறு எரியும்.

வேன் நின்றால் கீழே ஹாஸ்டலில் தங்கிக்கொள், வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய் வா என்றார் மேனேஜர். நான் முகத்தைச் சுளித்ததும் இன்னொரு வழியும் சொன்னார். தோலை மட்டும் நம்பினால் ஆகாது என்று முதலாளி துணி ஷூவும் தைக்க யோசிக்கிறார். கீழே இருந்த பெண்களெல்லாம் ஓசூர் பக்கம் செல்போன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். மலையில் ஆளும் கட்டிடமும் கிடைத்தால் சின்னதாக ஒரு யூனிட் அங்கேயே போட்டுவிடலாம், முதலாளியே வந்து பார்ப்பார்.

"ஊர்ல நல்லா பேசி வைம்மா. வேற ஊர்க்காரங்களும் கூப்பிடறாங்க" என்றார்.

பேசத்தான் செய்தேன். ஊர்க்கூட்டத்தில் எழுந்து, கேட்டது படித்தது எல்லாவற்றையும் கொட்டினேன். கம்பெனி வர வேண்டுமானால் ஊர் எதையாவது கொடுக்க வேண்டும், கீழே ஒவ்வொரு ஊரும் நிலத்தைச் சும்மா தருகிறது, வரியைத் தள்ளுகிறது, ரோடு போட்டுத் தருகிறது, நாம் சமுதாயக்கூடத்தையாவது வாடகை இல்லாமல் கொடுப்போம் என்றேன். நாட்டாமை எனக்கு மாமா முறை. வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, கேட்டு வர்றது யாரு? நாமளா, அவுங்களா?"

"அவுங்கதான் மாமா."

"நம்ம வூட்டுப் பொண்ணுங்கள கேட்டு வர்றாங்க. அப்ப அவுங்கதான பரியம் தரணும்? நாம இன்னாத்துக்கு குடுக்கறது?"

கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. என் வீட்டுக்காரரும் ஆட்டினார். அவரை வீட்டுக்குப் போய்க் கவனித்துக்கொண்டேன்.

கீழ்நாட்டில் பெண்ணைப் பெற்றவன் நகையும் பைக்கும் கொடுத்து மாப்பிள்ளை பிடிக்கிறான். எங்கள் மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் தானியம், ஆடு, துணிமணி என்று பரியம் கொடுத்துப் பெண்ணை அழைத்துப் போக வேண்டும். அதிலும் கேட்டதை உடனே கொடுத்துவிடக் கூடாது. பேரம் பேச வேண்டும், முறைத்துக்கொண்டு எழுந்து போக வேண்டும், பெண் வீட்டார் போய்ச் சமாதானம் செய்து கூட்டி வர வேண்டும், மறுபடியும் பேரம். என் பரியத்தை என் அப்பா பொழுது சாயும்வரை பேசினார். ஊரே நிலத்தைக் கொடுத்துக் கம்பெனியைக் கூப்பிடுகிறது என்று நான் சொன்னது, பெண்ணோடு சேர்த்து வீட்டையும் எழுதிக் கொடுக்கச் சொன்னதுபோல் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

முதலாளி வந்த நாளில் சமுதாயக்கூடத்திலிருந்த புளி மூட்டைகளை அப்புறப்படுத்தி, சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தோம். அவர் கனத்த உடம்புக்காரர். மலை வளைவுகள் அவர் வயிற்றைப் புரட்டியிருந்தன. முகம் வெளுத்து, மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்தபடி ஜீப்பிலிருந்து இறங்கினார். வந்த வேலையை முடித்துக்கொண்டு எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

நாட்டாமை தொண்டையைச் செருமினார். "மொதலாளி, எங்க பொண்ணுங்களுக்கு பரியம் இன்னா தர்றீங்க?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தேன்.

நாட்டாமை விடவில்லை. அம்மனுக்கு ஒரு கிடா. சாமை அறுப்புக்குப் பெண்களுக்கு லீவு. கைக்குழந்தைகளுக்கு ஒரு அறை, பால். திருவிழாவுக்கு மைக்செட். "அப்புறம், நீங்க வுட்டுட்டுப் போனா மிஷினுங்க எங்களுக்கு. பொண்ண வுட்டுட்டுப் போறவன் பரியத்த திருப்பிக் கேக்க முடியாது. அது எங்க வழக்கம்."

ஒவ்வொன்றுக்கும் முதலாளி எலுமிச்சம்பழத்துக்குப் பின்னாலிருந்து "சரி, சரி" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. ஆனால் ஊர் முகம் இருண்டு போயிருந்தது. பின்னால் யாரோ, "இன்னாடா இது, எல்லாத்துக்கும் சரின்றாரு?" என்றார்கள்.

"மாப்ளைக்கு ஏதோ கோளாறு கீது" என்று நாட்டாமை மெதுவாகச் சொல்லிவிட்டு, முதலாளி பக்கம் திரும்பி, "நாங்க கலந்துகினு சொல்லி அனுப்பறோம்" என்றார். எங்கள் ஊரில் அதற்கு 'முடியாது' என்று அர்த்தம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலாளியைத் தனியாக வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனேன்.

"சார், கொஞ்சம் பேரம் பேசுங்க."

"நான்தான் எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டேனேம்மா!"

"அதான் சார் பிரச்சினை. மாட்டேன்னு சொல்லுங்க. கோவமா எழுந்து போய் ஜீப்ல ஒக்காருங்க. அவுங்களே வந்து கூட்டினு போவாங்க."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் சந்தையில் தோல் வாங்கித் தொழிலை ஆரம்பித்த மனிதர் அவர். உள்ளே போய் உட்கார்ந்ததும் பழத்தைப் பையில் போட்டார். "கிடாவா? ஒரு சேவல் தர்றேன். மைக்செட்டு கெடையாது. மிஷின உங்களுக்குத் தர்றதுக்கு நான் இன்னா ஏமாந்தவனா?" ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது. நாட்டாமை தொடையைத் தட்டிக்கொண்டு பதிலுக்குக் கத்தினார். முதலாளியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கடைசியில், "உங்க சங்காத்தமே வேணாம்யா!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் வெளியேறியது கண்கொள்ளாக் காட்சி.

"நல்ல மனுசன்" என்றார் நாட்டாமை. எல்லோருக்கும் டீ வைக்கச் சொன்னார்.

சமாதானத்துக்கு யார் போவது என்பதில்தான் வந்தது வினை. பெண்ணின் தாய்மாமன் முன்னால் போக வேண்டும் என்பது முறை. இங்கே வேலைக்கு வர இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு தாய்மாமன் இருந்தார். எந்த மாமன் முதலில் நடப்பது என்று அவர்களுக்குள் சண்டை மூண்டு, டீ ஆறி, சட்டைக் காலர் வரை போன நேரத்தில் ஜீப் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

நான் ஓடினேன். ஜீப்புக்கு ரோடு, எங்களுக்கு ஒற்றையடிப் பாதை. உண்ணிச்செடி சேலையைக் கிழிக்க, சறுக்கியும் விழுந்தும் இரண்டு வளைவுகளுக்குக் கீழே போய் நடுரோட்டில் நின்றேன். ஜீப் என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முதலாளி தலையை நீட்டினார். நிஜமாகவே மனம் நொந்திருந்தார்.

"எவ்ளோ நேரம் ஒக்காந்திருந்தேன். ஒருத்தர்கூட கூப்பிட வரலியேம்மா!"

சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன். கம்பெனி, ஊர், வழக்கம் எதுவும் வரவில்லை. "எம்பொண்ணு பகல்ல இன்னா பண்ணுவான்னுகூட எனக்குத் தெரியாது சார்" என்று மட்டும்தான் வந்தது. அடுத்தவர்களை அழ வைத்துத்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்கு நடுரோட்டில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். டிரைவர் கூச்சத்தில் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஏறும்மா" என்றார் முதலாளி. மேனேஜரைப் பின் சீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, ஜீப்பை மேலே திருப்பச் சொன்னார்.

அத்தனை தாய்மாமன்களும் ஒரே நேரத்தில் ஓடி வந்து அவரை இறக்கினார்கள். மைக்செட் அடிபட்டது. கிடாவும் லீவும் குழந்தைகளின் அறையும் பாலும் உறுதியாயின. மிஷினில் பாதிதான் என்று முடிந்தது. எந்தப் பாதி என்று இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் சமுதாயக்கூடத்தில் யூனிட் ஓடத் தொடங்கியது. கரண்ட் வரும், போகும். துணி ஷூ தைப்பது தோலைவிடச் சுலபம்தான். முதல் நாள் மத்தியானம் வீட்டுக்காரர் எனக்குக் களி எடுத்துக்கொண்டு வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. அவள் வாசலிலேயே நின்று என்னையும் வெளியே வெயிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, இன்னிக்கு ஞாயித்துக்கெழமையா?"

என் கால் மிஷினின் பெடலை விட்டுவிட்டது. "இல்லடி, செவ்வாக்கெழமை" என்றேன்.

அவள் நம்பாமல் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.